பழைய வீடியோ கேம் பேடுக்கு மரத்துல கையாலயே கேஸ் செய்ய முடியுமா?

தாராளமா முடியும். பேடோட பிளாஸ்டிக் ஓடு உடஞ்சு போச்சு, போர்டும் ரப்பரும் நல்லா இருக்கு, 3டி பிரிண்டர்லாம் கிடையாது, அரம் ரம்பம் கை டிரில் இதுதான் இருக்குன்னு எழுதியிருந்தீங்க, அது போதும். ஆனா முதல்ல ஒண்ணு சொல்லிடறேன், அந்த உடஞ்ச ஓட்ட குப்பைல போட்றாதீங்க. எந்த மரம் எந்த பாலிஷ்னுதான் எல்லாரும் கேக்கறாங்க, நீங்களும் அதைத்தான் முதல்ல கேட்டிருக்கீங்க, ஆனா பட்டன் அமுக்கறப்போ நல்லா இருக்கா இல்லையாங்கறத முடிவு பண்றது உள்பக்கத்து உயரம். அந்த அளவு எல்லாம் பழைய ஓட்டுலதான் இருக்கு.

கையில இருக்கறது எந்த பேடுன்னு மொதல்ல பாருங்க. ஒரிஜினல் நின்டெண்டோ என்இஎஸ் (டிவில மாட்டி ஆடற பழைய கேம் கன்சோல்) பேடா இருந்தா பின்னாடி ஆறு ஸ்க்ரூ, சாதாரண ஸ்டார் ஸ்க்ரூ டிரைவர்லயே கழட்டிடலாம், உள்ள 4021ன்னு நம்பர் போட்ட 16 கால் ஐசி ஒண்ணு தெரியும். அப்படி ஒண்ணு கையில இருந்து ஓடும் முழுசா இருந்துச்சுன்னா தயவு செஞ்சு அதை வெட்டாதீங்க, துடைச்சு பத்திரமா வைங்க, அவ்வளவுதான். தொண்ணூறுகள்ல நம்ம ஊர் கடைங்கள்ல வித்த வீடியோ கேம் செட்டோட வந்த பேடுன்னா (உங்களோடது இதுவாதான் இருக்கும்) அது பெரும்பாலும் ஃபேமிகாமோட (என்இஎஸ்ஸோட ஜப்பான் மாடல்) காப்பி, டர்போ பட்டன் (பிடிச்சுக்கிட்டா தானா திரும்ப திரும்ப அமுங்கறது) ரெண்டு கூடுதலா இருக்கும், வயர் முனைல ஒன்பது பின் பிளக் இருக்கும், உள்ள ஐசிக்கு பதிலா போர்டு மேல கருப்பா ஒரு பொட்டு ஒட்டியிருக்கும். அந்த பொட்டுக்குள்ளதான் சிப் இருக்கு, அதை சுரண்டாதீங்க, அது மேல அழுத்தம் படற மாதிரி கேஸ்ல எந்த தூணும் வெக்காதீங்க.

இப்போ உயரத்துக்கு வரேன். பேட திறந்தா மேல இருந்து கீழ இப்படி இருக்கும்: மேல் ஓடு, அதுக்கு அடியில பட்டனோட விளிம்பு (பட்டன் வெளிய விழாம தடுக்கற அந்த பாவாடை மாதிரி பகுதி), அதுக்கு கீழ ரப்பர், ரப்பருக்கு உள்ள கருப்பு கார்பன் வில்லை, கடைசியா போர்டு. மேல் ஓட்டோட உள்பக்கத்துக்கும் போர்டுக்கும் நடுவுல இருக்கற இடைவெளிதான் எல்லாத்தையும் ஆளுது. ரப்பர் கீழ போய் வர்றதே ஒண்ணு ஒன்றரை மிமீதான், அதுல அரை மிமீ தப்பினாலும் கைக்கு தெரியும். இடைவெளி கம்மியா போச்சுன்னா ரப்பர் எப்பவும் பாதி அமுங்கியே இருக்கும், மரியோ நீங்க சொல்லாமயே ஓடுவாரு. அதிகமாச்சுன்னா பட்டன் கடகடன்னு ஆடும், முழுசா அமுக்கினாலும் சில நேரம் படாது.

இந்த இடைவெளிய வெர்னியர வெச்சு நேரா அளக்க முடியாது, ஏன்னா மூடினா உள்ள தெரியாது. அதுக்கு ஒரு வழி இருக்கு. பட்டனையும் ரப்பரையும் எடுத்துடுங்க, போர்டு மேல மெல்லிசா ஒரு பாலிதீன் கவர விரிங்க, பசங்க விளையாடற கலர் களிமண்ண கடலை சைஸுக்கு உருட்டி மூணு நாலு இடத்துல வைங்க, ஏ பட்டன் துளைக்கு பக்கத்துல ஒண்ணு, பிளஸ் பட்டனுக்கு பக்கத்துல ஒண்ணு, நடுவுல ஒண்ணு. துளைக்கு நேர் கீழ வெச்சா பிதுங்கி வெளிய வந்துடும், அதனால பக்கத்துல, ஓடு போய் அழுத்தற இடத்துல வைங்க. இப்போ ஓட்ட மூடி ஸ்க்ரூ எல்லாம் டைட் பண்ணி திரும்ப திறந்தீங்கன்னா களிமண் அப்பளமா நசுங்கி இருக்கும், பிளேடால நடுவுல வெட்டி அதோட தடிமன வெர்னியர்ல அளங்க. எழுதி வெச்சுக்குங்க. ஓடு உடஞ்சிருந்தாலும் செல்லோடேப் சுத்தி ஒட்ட வெச்சு இதை பண்ணலாம். கூடவே மேல் ஓட்டோட தடிமன், பட்டன் வெளிய எவ்வளவு நீட்டிக்கிட்டு இருக்கு, போர்டோட தடிமன், போர்டுல ஸ்க்ரூ போற ஓட்டைங்க எங்க எங்கன்னு எல்லாத்தையும் குறிச்சுக்குங்க. மேல் ஓட்ட முன்பக்கம் கண்ணாடியப் பாக்கற மாதிரி குப்புற ஸ்கேனர்ல வெச்சு நூறு சதவீத சைஸ்ல பிரிண்ட் எடுத்தா பட்டன் துளைக்கு டெம்ப்ளேட்டும் ரெடி, பிரிண்ட் வந்ததும் ஒருதடவை ஸ்கேல் வெச்சு சரி பாத்துக்குங்க, சில ஜெராக்ஸ் கடை பிரிண்டர் தானா தாளுக்கு தகுந்த மாதிரி சுருக்கிடும்.

அடுத்த சிக்கல் மேல் தகடு. பிளாஸ்டிக் ஓடு சுமார் ரெண்டு மிமீதான் இருக்கும். மரத்த ரெண்டு மிமீக்கு இழைச்சு அதுல ஏழெட்டு துளை போட்டீங்கன்னா ரேகை போற திசைல பட்டுனு பிளந்துக்கும். சரி தடிமனா நாலு மிமீ வெப்போம்னா பட்டன் உள்ள முங்கிடும், விரல் மரத்துல போய் இடிக்கும். நிறைய பேர் இந்த இடத்துலதான் கைய விட்டுடறாங்க. நாலு மிமீ பலகைய எடுத்து பட்டன் பகுதிக்கு மட்டும் பின்பக்கமா உளியால குழிச்சு எடுக்கறது ஒரு வழி, கை பழகினவங்களுக்கு அது ஓகே. எனக்கு பிடிச்சது வேற, ஒன்றரை மிமீக்கு இழைச்ச மரத்துக்கு பின்னாடி ஒரு மிமீ மைக்காவ (சன்மைக்காதான், ஆசாரி வேலை முடிஞ்ச இடத்துல துண்டு துண்டா கெடக்கும்) ஃபெவிகால் போட்டு ஒட்டி ரெண்டு கனமான பலகைக்கு நடுவுல கிளாம்ப் போட்டு ஒரு ராத்திரி விட்டுடறது. மைக்காவோட சொரசொர பக்கம் மரத்தப் பாத்தும் வழவழ பக்கம் உள்ளாறயும் வரணும். இதுல ரெண்டு லாபம், மரம் பிளக்காது, பட்டனோட விளிம்பு வந்து முட்டற இடம் வழவழன்னு கிடைக்கும். மொத்தம் ரெண்டரை மிமீ ஆச்சு, ஒரிஜினல விட அரை மிமீ கூட, அதை துளையோட மேல் விளிம்ப லேசா சாய்வா தேச்சு விட்டா விரலுக்கு தெரியவே தெரியாது. மைக்காவ ஒட்டினதுக்கு அப்புறம்தான் துளை போடணும், முன்னாடியே போட்டுட்டு அப்புறம் ஒட்ட பாத்தீங்கன்னா ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு சேராது.

மரம் எதுன்னா, தேக்கு. சலிப்பான பதில்தான், என்ன பண்றது, காஞ்ச தேக்கு அளவு மாறாது, அரத்துக்கு நல்லா வரும், மர டிப்போவுலயோ ஆசாரிகிட்டயோ கழிவு துண்டா கேட்டா இந்த சைஸுக்கு சும்மாவே குடுத்துடுவாங்க. பழைய கதவு சட்டத்துல இருந்து வெட்டினது இன்னும் நல்லது, பல வருஷம் காஞ்சு அடங்கின மரம். வைரம் பாஞ்ச பகுதியா பாத்து எடுங்க, ஓரத்து வெள்ளை வேண்டாம். ஈட்டி மரம் பாக்க பிரமாதமா இருக்கும், உடஞ்ச பழைய கட்டில் காலு கெடச்சா விடாதீங்க. பலா மரம் வீணை செய்யறதுக்கு போறது, அந்த மஞ்சள் நாள்பட தங்க பழுப்பா மாறும், எனக்கு தேக்க விட அதுதான் பிடிக்கும், ஆனா நல்லா காஞ்ச துண்டு கிடைக்கறது கஷ்டம். எம்டிஎஃப் (மரத்தூள அழுத்தி செஞ்ச பலகை) வேண்டாம், கை வேர்வைல விளிம்பு ஊதிடும், ஸ்க்ரூவும் ரெண்டாவது தடவை கழட்டினா பிடிக்காது. ரேகை பேடோட நீளவாக்குல போகணும். மரம் ஈரத்துக்கு விரியறதும் சுருங்கறதும் ரேகைக்கு குறுக்கவாக்குலதான், நீளவாக்குல அது ஒண்ணுமே இல்லன்னு சொல்லலாம். பேட் அகலம் அஞ்சு அஞ்சரை செமீதான்ங்கறதால மொத்த அசைவும் கொஞ்சம்தான், ஆனா ஐப்பசி மழைல மாட்டிக்கிட்ட பட்டன் பங்குனில தானா விடுபடும்னு காத்திருக்க முடியாதுல்ல, அதனால ஒவ்வொரு பட்டனை சுத்தியும் 0.3ல இருந்து 0.4 மிமீ வரைக்கும் இடம் விடுங்க. ஒரு விசிட்டிங் கார்டு தாராளமா நுழைஞ்சு சுத்தி வந்தா சரியான அளவு. எடைய பத்தி பயப்படாதீங்க, 12.5 செமீ நீளம் 5.5 அகலம் 2 உயரத்துக்கு முழு தேக்கு கட்டையே 90 கிராம் சுமார்தான் வரும், உள்ள குடைஞ்சா பாதிக்கும் கம்மி. இப்போ ஃபேஷனா இருக்கே, நீல கலர் எபாக்சி பிசின் ஊத்தி நடுவுல மரம், அதுதான் கனம், கையும் வழுக்கும், எனக்கு அது ஆகவே ஆகாது.

துளை போடறதுக்கு டெம்ப்ளேட்ட பேஸ்டிங் கம்ல ஒட்டி, அடியில ஒரு வேஸ்ட் பலகைய கிளாம்ப் போட்டு சேத்து பிடிச்சுட்டு டிரில் பண்ணுங்க, அடிப்பலகை இல்லன்னா டிரில் வெளிய வர்ற பக்கம் மைக்கா சில்லு சில்லா பேந்துக்கும். பட்டன் அளவுக்கு ஒரு சைஸ் சின்ன பிட்டா போட்டுட்டு மீதிய உருண்டை அரத்தால சுத்தி சுத்தி விரிவாக்கறது பாதுகாப்பு. கைல வெச்சே அடிக்கடி பட்டன விட்டு பாத்துக்கிட்டே போங்க. பிளஸ் பட்டனுக்கு நடுவுல ஒரு துளை, அதுல ஃப்ரெட் சா (வளைவா அறுக்கற மெல்லிசு ரம்பம்) பிளேட விட்டு கோட்டுக்கு ஒரு மிமீ உள்ளாற அறுத்துட்டு சதுர ஊசி அரத்தால கோடு வரைக்கும் வாங்க. மூலை எல்லாம் கூர்மையா வரணும்னு கெடயாது, ஆனா நாலு கையும் ஒரே அளவா இருக்கணும், ஒரு பக்கம் இறுக்கமா இருந்தா கட்டை விரல் ஒரு மணி நேரத்துல கண்டுபிடிச்சிடும். சொந்தமா பட்டனும் மரத்துலயே செய்யப்போறீங்கன்னா வட்டமாவே செய்யுங்க. 1983ல வந்த முதல் ஃபேமிகாம் பேடுங்கள்ல ஏ, பி ரெண்டும் சதுர ரப்பர் பட்டன்தான், மூலைய அமுக்கினா உள்ளயே மாட்டிக்கிச்சுன்னு நின்டெண்டோவே அப்புறம் வட்ட பிளாஸ்டிக்குக்கு மாறிட்டாங்க. கம்பெனி மோல்டுலயே அந்த கதின்னா நம்ம கையால செய்யறதுல கேக்கவே வேண்டாம்.

பிளஸ் பட்டன மட்டும் மரத்துல செய்யாதீங்க, பழசையே போடுங்க. நின்டெண்டோ டிசைனர் குன்பெய் யோகோய் 1982ல டாங்கி காங் கேம் அண்ட் வாட்ச்ங்கற கையடக்க கேமுக்காக கொண்டு வந்த டிசைன் இது, வெளிய பாக்க சாதாரண கூட்டல் குறி, ஆனா நுட்பம் அடியில நடுவுல இருக்கற சின்ன குமிழ்ல இருக்கு. அந்த குமிழ ஊன்றுகோலா வெச்சுதான் பட்டன் சீசா மாதிரி சாயுது, இடது அமுங்கினா வலது தானா மேல எழும்பிடும். அந்த குமிழ் தேஞ்சோ உடஞ்சோ போயிட்டா இடதும் வலதும் ஒரே நேரத்துல அமுங்கும், அதை எதிர்பாக்காத கேம்ல கேரக்டர் கிறுக்கு பிடிச்ச மாதிரி ஓடும். குமிழுக்கும் போர்டுக்கும் (சில பேட்ல ரப்பருக்கும்) நடுவுல இருக்கற தூரமும் அதே களிமண் அளவுக்குள்ளதான் அடங்கியிருக்கு, அதனாலதான் அதை அவ்வளவு வற்புறுத்தினேன்.

உடம்புக்கு நாலு பக்கமும் தனித்தனியா வெட்டி மூலைல ஒட்டறதவிட ஒரே பலகைல நடுவ ஃப்ரெட் சாவால அறுத்து எடுத்து சட்டமா வெச்சுக்கறது சுலபம், மூலை விட்டு போகாது. சட்டத்து மேல மேல் தகட்ட ஒட்டிடுங்க, அடித்தகடு மட்டும் ஸ்க்ரூ. தேக்குல எண்ணெய் பசை இருக்கறதால ஒட்டறதுக்கு முன்னாடி ஒட்டற இடத்த தின்னர் தொட்ட துணியால துடைச்சு காய விட்டு உடனே ஒட்டணும், இல்லன்னா ஃபெவிகால் ஆறு மாசத்துல விட்டுக்கும். போர்டு உக்கார்ற தூணுங்கள மேல் தகட்டோட உள்பக்கத்துலயே ஒட்டுங்க, களிமண்ல வந்த அளவ விட அரை மிமீ குட்டையா வெட்டுங்க. குட்டையாங்கறது தெரிஞ்சேதான் சொல்றேன். தூணுக்கும் போர்டுக்கும் நடுவுல விசிட்டிங் கார்டு துண்ட வட்டமா வெட்டி ஒண்ணு ரெண்டுன்னு அடுக்கி உயரத்த சரி பண்ணலாம், ஒரு கார்டு 0.3 மிமீ சுமார் இருக்கும். கூட்டறது சுலபம், ஒட்டின தூண உள்ள போய் தேச்சு குறைக்கறது நரகம். பட்டன் சரியா வர்ற வரைக்கும் கார்ட மாத்தி மாத்தி பாத்துட்டு, கடைசில எத்தனை கார்டோ அதே தடிமனுக்கு பிளாஸ்டிக் துண்டு வெட்டி போட்டுடுங்க, காகிதம் ஈரத்துல அமுங்கும்.

அடித்தகடு ஸ்க்ரூவுக்கு மரத்துல நேரா மரை போடாதீங்க, ரப்பர் துடைக்க வருஷத்துக்கு ஒருதடவையாவது திறப்பீங்க, மரை தேஞ்சிடும். எம்3 பித்தளை இன்சர்ட் (உள்ள மரை போட்ட சின்ன குழாய்) கடைல கிடைக்கும், துளை போட்டு ஆரால்டைட் தொட்டு இறக்கிட்டா எத்தனை தடவை வேணா கழட்டலாம். வயருக்கும் இதே மாதிரி ஒரு கவனம் வேணும். வெறும் துளை போட்டு வயர இழுத்து விட்டீங்கன்னா யாராவது ஒருத்தர் கால் தடுக்கி இழுக்கறப்போ நேரா சால்டர் பிடுங்கிக்கும். பழைய ஓட்ட பாருங்க, வயர் ரெண்டு மூணு தூணுக்கு நடுவுல வளைஞ்சு வளைஞ்சு போகும், இழுப்பு எல்லாம் அந்த வளைவுலயே நின்னுடும். அதே வளைவ மரத்துல காடியா வெட்டுங்க, உள்பக்கம் ஒரு கேபிள் டை போட்டு இறுக்கிடுங்க.

போர்டு வேலை செய்யுதான்னு கேஸ் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே பாத்துடணும். கார்பன் பட்டைகள ஐசோப்ரோப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால துடைங்க, உப்புத்தாள் போட்டு தேய்க்கவே கூடாது, அந்த கருப்பு பூச்சு போனா போனதுதான். சர்க்யூட் ரொம்ப எளிமை, கன்சோல் விநாடிக்கு 50, 60 தடவை லாட்ச்னு ஒரு துடிப்பு அனுப்பும், அந்த நொடி எட்டு பட்டனோட நிலைய ஐசி பிடிச்சு வெச்சுக்கும், அப்புறம் கிளாக் துடிக்க துடிக்க ஒவ்வொண்ணா டேட்டா வயர்ல வெளிய தள்ளும், வரிசை ஏ, பி, செலக்ட், ஸ்டார்ட், மேல, கீழ, இடது, வலது. அஞ்சே வயர்: 5 வோல்ட், கிரவுண்ட், லாட்ச், கிளாக், டேட்டா. வயர் கலர நம்பாதீங்க, காப்பி பேடுங்கள்ல இஷ்டத்துக்கு மாறும், மல்டிமீட்டர் வெச்சு பாத்து எழுதிக்குங்க. போர்டே செத்து போச்சுன்னாலும் கவலை இல்ல, சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்ல (எலெக்ட்ரானிக்ஸ் கடைங்க இருக்கற தெரு) ஒரு சிடி4021 ஐசி வாங்கி 16வது காலுக்கு 5 வோல்ட், 8க்கு கிரவுண்ட், 9 லாட்ச், 10 கிளாக், 3 டேட்டா, பட்டனுக்கு வரிசையா 1, 15, 14, 13, 4, 5, 6, 7ன்னு குடுத்து ஒவ்வொரு பட்டன் காலுக்கும் 10 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒண்ண 5 வோல்ட்டுக்கு இழுத்து விட்டா, பட்டன் கிரவுண்ட தொடறப்போ அமுங்கினதா கணக்கு. டிவி கன்சோலே இல்ல, கம்ப்யூட்டர்லதான் ஆடப்போறேன்னா, உள்ள ஒரு ஆர்டுயினோ ப்ரோ மைக்ரோவ (புரோகிராம் போடற சின்ன போர்டு) வெச்சு யூஎஸ்பி பேடா மாத்திடலாம், அதுக்கு சட்டத்த வெட்டறப்பவே இடம் விட்டுக்குங்க.

பாலிஷ் விஷயத்துல, கை எப்பவும் படற பொருள்ங்கறத மறக்காதீங்க. உப்புத்தாள் 120, 220, 400ன்னு ரேகை போற திசைலயே தேச்சு, ஈரத்துணியால ஒருதடவை துடைச்சு எழும்பற மர நார திரும்ப 400ல தேச்சுடுங்க. தேக்கு தூசி சிலருக்கு அலர்ஜி ஆகும், மாஸ்க் போடுங்க. அரக்குல செய்யற பிரெஞ்ச் பாலிஷ் பாக்க அழகு, ஆனா சானிடைசர் போட்ட கையோட பிடிச்சா அந்த ஆல்கஹால்ல கரைஞ்சு பிசுபிசுக்கும். அதனால மேட் பியு (பளபளக்காத பாலியூரிதேன் பாலிஷ்), மெல்லிசா மூணு கோட். ஆளிவிதை எண்ணெய்தான் வேணும்னா போடலாம், ஆனா துடைச்ச துணிய சுருட்டி மூலைல போட்றாதீங்க, அது தானா சூடாகி தீப்பிடிக்கும், தண்ணில நனைச்சு விரிச்சு காய போடுங்க. துளையோட உள் சுவருக்கும் பாலிஷ் கட்டாயம் வேணும், வேர்வைய குடிக்கறதே அந்த வெட்டு முகம்தான். ஆனா அங்க கோட் ஏற ஏற துளை சுருங்கும், காஞ்சதும் பட்டன விட்டு பாத்துட்டு தேவைப்பட்டா லேசா தேச்சு, பட்டன் பக்கவாட்டுல துளி மெழுகு தடவுங்க. கிரீஸ் வேண்டாம், ரப்பருக்கு ஆகாது.

எல்லாம் மாட்டினதும் டெஸ்ட்டுக்கு கான்ட்ரா கேம போடுங்க. டைட்டில் ஸ்க்ரீன்ல மேல மேல கீழ கீழ இடது வலது இடது வலது பி ஏ, அப்புறம் ரெண்டு பேர் ஆடற மாதிரி செலக்ட், ஸ்டார்ட். எட்டு பட்டனும் இதுல வந்துடும், செலக்ட் தவிர வேற எது விட்டாலும் 30 லைஃப் கிடைக்காது, செலக்ட் விட்டா ஒரு ஆள் ஆட்டம்தான் வரும். நம்ம ஊர் கேசட்டுங்கள்ல பாதி ஏற்கனவே 30 லைஃபோடதான் வரும், அப்படி இருந்தா இந்த டெஸ்ட் செல்லாது, மரியோவ போட்டு பி அமுக்கிக்கிட்டே ஓடி ஏ போட்டு குதிச்சு பாருங்க, ஒரே கட்டை விரல்ல ரெண்டும் சேர்ந்து அமுங்கணும். ஏ மட்டும் சில நேரம் விட்டு போச்சுன்னா அந்த பக்கத்து தூண்ல ஒரு கார்ட எடுங்க, தானா அமுங்கினா ஒண்ணு சேருங்க. போர்டு போட்டோவும் களிமண் அளவும் அனுப்புங்க, தூண் எங்க எங்க வெக்கலாம்னு குறிச்சு அனுப்பறேன்.